உண்மை அறியும் குழு போய் வந்த பிறகு அந்த அறிக்கை என்ன ஆகிறது?

நெய்தல்நிலா எழுதியது:

வணக்கம். போன ஆடியில் எங்கள் மாவட்டத்தில் இயங்கும் ஒரு மக்கள் உரிமை அமைப்பில் சேர்ந்தேன். பட்டியலில் இருபத்து மூன்று பேர், மாதக் கூட்டத்துக்கு வருவது ஆறேழு பேர். ஆபீஸ் கிடையாது. ஒரு தோழருடைய ஜெராக்ஸ் கடை மாடியில் உட்காருவோம். யாருக்கும் சம்பளம் இல்லை. பஸ் செலவு, டீச் செலவு, அறிக்கை அச்சடிக்கும் செலவு எல்லாம் அவரவர் கைக்காசு. நான் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். எங்கள் செயலாளர் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறார்.

இதுவரை மூன்று இடங்களுக்கு உண்மை அறியும் குழுவாகப் போயிருக்கிறோம். மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். செங்கல் சூளையில் வேலை செய்யும் 24 வயதுப் பையன். கிணற்று மோட்டார் திருட்டு விசாரணை என்று சொல்லி ராத்திரி கூட்டிக்கொண்டு போய், இரண்டு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். எப்.ஐ.ஆர். இல்லை. கைது இல்லை. காகிதத்தில் அவன் அந்த ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை. நாங்கள் பார்க்கும்போது உள்ளங்காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்து பேர், இரண்டு நாள், 19 பேரிடம் பேசினோம். ஸ்டேஷனிலும் போய்க் கேட்டோம். "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலையே" என்றார்கள். 14 பக்க அறிக்கை எழுதி கலெக்டர், எஸ்.பி., மாநில மனித உரிமை ஆணையம் மூவருக்கும் கொடுத்தோம். பத்திரிகையாளர் சந்திப்புக்கு நாலு பேர் வந்தார்கள், ஒரு பத்திரிகையில் மட்டும் இரண்டு விரற்கடை அளவுக்குச் செய்தி வந்தது. மூன்று மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எழுதிட்டுப் போனீங்களே கண்ணு, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிவிட்டேன்.

விட்டுவிடலாமா என்று கேட்கவில்லை. விட மாட்டேன். பல வருடமாக இதைச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

---

பாலாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, இதே கேள்வியோடு 1986-ல் நானும் திண்டாடினேன். எனக்கு இப்போது 67 வயது. அப்போது வட ஆற்காட்டில் வங்கிக் குமாஸ்தா.

தோல் ஷெட்டில் வேலை பார்த்த ஒருவரைச் சங்கத் தகராறில் ராத்திரி தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த முதல் வேலை தந்தி கொடுப்பது. யாராவது ஓடி வந்து "கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றால் நாங்கள் திருப்பிக் கேட்பது "தந்தி கொடுத்தாச்சா?" என்றுதான். ராத்திரியில் தந்தி ஆபீஸ் திறந்திருக்கும் ஊர் 11 கிலோமீட்டர். இரண்டு பேர் சைக்கிளில் போனோம். முதலமைச்சர், உள்துறைச் செயலாளர், போலீஸ் ஐ.ஜி., உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி என்று நாலு தந்தி. ரசீதில் நேரம் இரவு 9.40.

போலீஸ் எழுதிய காகிதத்தில், மறுநாள் மாலை 5 மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் ஆயுதத்தோடு பிடிபட்டார் என்று இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தபோது எங்கள் வக்கீல் அந்த ரசீதை நீட்டினார். மறுநாள் மாலை பிடிக்கப்போகிறவரை முந்தின ராத்திரியே பிடித்துவிட்டார்கள் என்று எப்படித் தந்தி கொடுக்க முடியும்? அவர் விடுதலையானார். கார்பன் தாள் வைத்து அடித்த எங்கள் ஆறு பக்க அறிக்கையை அதுவரை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வழக்கை உடைத்தது கைக்குட்டை அளவு ரசீது.

2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது கல்யாண வாழ்த்து, சாவுச் செய்தி என்றெல்லாம் பழைய நினைவுகளை எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அந்த 9.40 ஞாபகம் வந்தது.

உங்கள் அறிக்கைக்கும் வேலை இருக்கிறது. ஆனால் அந்த வேலை எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எஸ்.பி.க்கும் தெரியாது. வருகிற அன்று அதில் உள்ள நாளும் நேரமும் பெயரும் சரியாக இருக்க வேண்டும். மற்றபடி நடை அழகு, ஆவேசம், தலைப்பு எதுவும் நிற்காது.

இளைஞர்களுக்காக ஒரு சிறு வரலாறு. உரிமை அமைப்பு என்பதே வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று யாராவது சொல்வார்கள். 1936-லேயே நேரு முன்கை எடுத்து இந்திய சிவில் உரிமைச் சங்கம் தொடங்கினார். தாகூர் தலைவர், சரோஜினி நாயுடு செயல் தலைவர். சுதந்திரம் வந்தபின் அது மெல்லக் கரைந்துபோனது. பிறகு நெருக்கடி நிலை. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே, மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்டவர், ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று 4-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி கன்னா ஒருவர். நம் சென்னை மத்தியச் சிறையில் அந்தப் பிப்ரவரியில் மிசா கைதிகளை அடித்த அடியை இஸ்மாயில் ஆணையம் பின்னால் விசாரித்தது. அந்த 1976 அக்டோபரில்தான் ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியில் பி.யூ.சி.எல். என்ற மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் முதல் வடிவம் பிறந்தது. 77-ல் ஆட்சி மாறியதும் அபாயம் தீர்ந்தது என்று ஆளாளுக்குக் கலைந்துவிட்டார்கள். 1980-ல் மறுபடி கூட்டி, உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பாக உட்கார வைத்தார்கள். இடையில் கலைந்த அந்த மூன்று வருடத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பிடித்த ஆட்சி வந்துவிட்டால் நம் ஆட்களே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

நெய்தல்நிலா, நான் 22 வருடமாக மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் பக்கம் ஆஜராகிறேன். ஐயா சொன்னதோடு சில வேலைகளைச் சேர்க்கிறேன். மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் கேமரா. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லாக் காவல் நிலையத்திலும் சிசிடிவி வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லாத இடத்தில்கூட ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. போலீஸ் காவலில் அடிபட்டு அப்பாவும் மகனும் இறந்த சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் மாஜிஸ்திரேட் விசாரணைக்குப் போனபோது பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு அறிக்கையில் எழுதினார். அந்த அனுபவத்தை மறக்காதீர்கள். உங்கள் அறிக்கையில் "கேமரா" என்ற சொல் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே எஸ்.பி.க்கு ஒரு கடிதம்: இந்த ஸ்டேஷன், இந்த நாள், இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை உள்ள பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும். ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதிவு அழிந்துபோனது என்று பின்னால் பதில் வந்தாலும், கடிதம் கிடைத்த பிறகு அழிந்தது என்பது வேறு விஷயமாகிவிடும்.

அடுத்தது ஆணையம். தேசிய ஆணையமோ மாநில ஆணையமோ, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையம் எடுக்காது. அதனால் எங்கே முதலில் போவது என்று யோசித்துவிட்டுப் போக வேண்டும், கண்ட இடத்துக்கெல்லாம் நகல் போடக் கூடாது. நீங்கள் மாநில ஆணையத்துக்குப் போனதில் தவறில்லை. அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. மனு எண் வாங்கினீர்களா?

மூன்றாவது, பையனை ஜி.எச்.சுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களா? காயம் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்கும்போது "கீழே விழுந்தேன்" என்று சொன்னானா, நடந்ததைச் சொன்னானா? அந்த ஒரு வரியில் பாதி வழக்கு இருக்கிறது.

ஸ்டேஷன் வாசலில் கைதுக்கான விதிகள் என்று 11 வரிகள் எழுதிய பலகை மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். டி.கே. பாசு வழக்கு. அது எப்படி வந்தது தெரியுமா? மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு நடத்திய டி.கே. பாசு, லாக்கப் சாவு பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைச் சேர்த்து 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு 1996 டிசம்பர் 18. பத்து வருடம். அதே நாளில்தான் பி.யூ.சி.எல். போட்ட தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கிலும் தீர்ப்பு வந்தது: உள்துறைச் செயலாளர் உத்தரவு வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது இந்தத் தீர்ப்பும் அவர்களுக்குக் கை கொடுத்தது.

---

சுடுமண் எழுதியது:

படித்தேன். கோபப்படாமல் கேட்கிறேன், நீங்களும் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

என் அத்தை காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்தவன் ஏழு பவுன் தாலிச்செயினை அறுத்துக்கொண்டு போனான். இழுத்த இழுப்பில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆறு மாதம் படுக்கை. இன்றும் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. எந்த உண்மை அறியும் குழுவும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிடிபட்டவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று கையில் மாவுக்கட்டோடு நின்ற படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டோம். பொய் சொல்ல மாட்டேன்.

2019-ல் ஹைதராபாத்தில் அந்த டாக்டர் பெண்ணை எரித்தவர்களைப் போலீஸ் சுட்டபோது ஊரே பூத்தூவியது. அப்போதும் நீங்கள் கண்டன அறிக்கைதான் விட்டீர்கள். அத்தைக்கு உரிமை இல்லையா? அரசு செய்வதை மட்டும்தான் பேசுவீர்களா?

---

கூழாங்கல் எழுதியது:

நல்ல இழை. பின்தொடர்கிறேன்.

---

மூசிநதி எழுதியது:

சுடுமண், நான் பதினாறு வருடமாக ஹைதராபாத்தில் இருக்கிறேன். 2019 டிசம்பர் 6 காலையில் என் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். அதனால் உங்கள் அத்தை வீட்டுச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் ஆணையம் வைத்தது. 2022-ல் அறிக்கை வெளியானது. நான்கு பேரும் கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள் என்ற கதை நம்பத்தக்கதல்ல, பத்து போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று இருந்தது. சுடப்பட்டவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் இருந்தது. அந்த வரியில் நான் ரொம்ப நேரம் நின்றேன். இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் உறைத்தது: அந்தப் பெண்ணுக்காக எந்த நீதிமன்றத்திலும் ஒரு சாட்சியும் விசாரிக்கப்படவில்லை. யார் செய்தது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போவதும் இல்லை. அவளுடைய வழக்கும் அவர்களைச் சுட்ட அந்தப் பாலத்தடியில் முடிந்துபோனது.

"அரசு செய்வதை மட்டும்தான் பேசுவீர்களா" என்ற உங்கள் கேள்வி வெளியாள் கேட்கும் கேள்வி என்று நினைக்காதீர்கள். இந்த இயக்கத்துக்குள்ளேயே அதனால் பிளவு வந்திருக்கிறது. ஆந்திராவில் சிவில் உரிமைக் குழு என்றால் உயிரைப் பணயம் வைக்கிற வேலை. வாரங்கல்லில் டாக்டர் ராமநாதம் என்று ஒரு குழந்தை மருத்துவர், அமைப்பின் துணைத் தலைவர். 1985 செப்டம்பர் 3 அன்று, கொல்லப்பட்ட ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் இறுதி ஊர்வலத்தில் வந்த போலீசார் அவரை மருத்துவமனையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு அதே குழுவைச் சேர்ந்த பாலகோபால் கேட்டார்: நக்சலைட்டுகள் செய்யும் கொலையைப் பற்றி நாம் என்ன சொல்லப்போகிறோம்? சாதியும் ஆணும் செய்யும் வன்முறையைப் பற்றி? கணித ஆசிரியராக இருந்தவர், கணக்குப் போல ஒவ்வொரு படியாகக் கேட்பார். ஒத்துப்போகாமல் 1998-ல் அவரும் நண்பர்களும் வெளியே வந்து மனித உரிமை மன்றம் தொடங்கினார்கள். 2009-ல் அவர் இறந்த பிறகும் அவர்கள் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், இன்றும் சொந்தக் காசில்.

அத்தைக்கு உரிமை உண்டு. அதைக் காப்பாற்றப் போலீஸ், கோர்ட், அரசு வக்கீல் என்று ஒரு பெரிய இயந்திரம் மக்கள் பணத்தில் ஓடுகிறது. அது ஓடாதபோது கேட்பதும் எங்கள் வேலைதான். ஆனால் அந்த இயந்திரமே ஒருவன் கையை உடைத்தால் அவன் புகார் கொடுக்கப் போக வேண்டிய இடமும் அதே ஸ்டேஷன்.

---

ஏட்டுமகன் எழுதியது:

என் அப்பா 34 வருடம் போலீசில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றார். இந்த இழையில் நான் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தீபாவளிக்கு அப்பா வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. பந்தோபஸ்து, பந்தோபஸ்து, பந்தோபஸ்து. மேலே இருப்பவர் "நாளைக்குள்ள ரெக்கவரி வேணும்" என்பார். ஒரு குற்றத்தை நாளைக்குள் கண்டுபிடிக்க அறிவியல் உதவியும் ஆளும் வேண்டும். இரண்டும் இருக்காது. இருப்பது லத்தி. இதை நியாயம் என்று சொல்லவில்லை. அப்பாவே ஒருமுறை மட்டும் சொன்னார்: "நான் அடிச்சிருக்கேன்டா. அதுல பாதிப் பேர் ஒண்ணும் செய்யாதவன்." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

போலீஸ்காரர் சங்கம் வைத்துக்கொள்ள முடியாது. 1966-லேயே அதற்குச் சட்டம் போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வாரம் ஒருநாள் ஓய்வுக்கான அரசாணையே 2021-ல்தான் வந்தது. சாத்தான்குளத்தில் அன்று ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது யார்? அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் ஏட்டு. பயந்து நடுங்கிக்கொண்டே சொன்னார். அவர் சொல்லாவிட்டால் அந்த வழக்கு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் உரிமை அமைப்புகள் நிற்க வேண்டும். "காவல்துறை அராஜகம்" என்று ஒரே சுண்ணாம்பை எல்லோர் மேலும் பூசினால் அடுத்த முறை பேச நினைக்கும் ஏட்டு வாயை மூடிக்கொள்வார்.

---

மேட்டுத்தெரு எழுதியது:

நான் மறுபக்கத்துல இருந்து சொல்றேன். உங்க ரிப்போர்ட்டுல வர்ற "பாதிக்கப்பட்ட குடும்பம்" இருக்குல்ல, அது நாங்க.

ஊர்த் திருவிழாத் தகராறுல எங்க அண்ணன் மேல கேஸ் மேல கேஸ் போட்டு குண்டாஸ்ல தூக்குனாங்க. குண்டர் தடுப்புக் காவல் சட்டம், 1982-ம் வருஷத்து 14-ம் நம்பர். ஒரு வருஷம் ஜாமீன் கிடையாது. உள்ள வெச்சது சரியான்னு பாக்குற போர்டு முன்னாடி வக்கீல் வெச்சுக்க முடியாது, அண்ணன் தனியா நின்னு பேசணும். எட்டாவது வரைக்கும் படிச்சவன் மூணு பேர் முன்னாடி என்ன பேசுவான்? ஏழாவது மாசம் ஹைகோர்ட்டுல ரத்தாச்சு. ஏன்னா அவனுக்குக் கொடுத்த கட்டுல ஒரு பேப்பருக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்ல. தப்பு செஞ்சானா இல்லையான்னு யாரும் கேக்கல. உள்ள இருந்த ஏழு மாசத்த யாரும் திருப்பித் தரவும் இல்ல. இந்த மாதிரித் தடுப்புக் காவல் எண்ணிக்கையில பல வருஷம் நம்ம மாநிலம்தான் முன்னாடி நிக்குது, அதைப் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல.

அப்ப ஒரு குழு வந்துச்சு. பேர் சொல்லல. வேன்ல ஏழு பேர். ஆறு ஆம்பள, ஒரு பொம்பள. எங்க அம்மாவத் தெரு நடுவுல ஸ்டூல்ல உக்கார வெச்சு, எல்லாரும் சுத்தி நின்னு பாக்க, "அன்னைக்கு ராத்திரி போலீஸ் உங்கள என்ன பண்ணாங்க"ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் ஆம்பளைங்க முன்னாடி சொல்லிட முடியுமா? அம்மா அழுதாங்க. போட்டோ எடுத்தாங்க. ஒரு மணி நேரத்துல கெளம்பிட்டாங்க, அடுத்த ஊருக்குப் போகணும்னு.

அறிக்கைய எங்களுக்கு ஒரு காப்பி கூடத் தரல. ரெண்டு வருஷம் கழிச்சு நெட்டுல தேடிப் பாத்தேன். அம்மா பேர் தப்பு. அண்ணன் வயசு தப்பு. எங்க தெரு பேர் இருந்த இடத்துல பக்கத்து ஊர்த் தெரு பேர். ஆனா முன்னுரையில அரசியல் சட்டத்தப் பத்தி நாலு பக்கம் பிரமாதமா இருந்துச்சு.

அக்கா, அந்த அம்மா உங்ககிட்ட கேட்டது "நீதி எப்ப வரும்"னு இல்லன்னு எனக்குத் தோணுது. நாங்க சொன்னதை எழுதினீங்களே, அது எங்க இருக்கு, எங்ககிட்ட ஏன் இல்லைன்னு கேக்குறாங்க.

---

நெய்தல்நிலா எழுதியது:

மேட்டுத்தெரு, உங்கள் பதிவை எங்கள் கூட்டத்தில் சத்தமாகப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நாங்களும் அந்த வீட்டுக்குப் பிரதி கொடுக்கவில்லை. கலெக்டருக்குக் கொடுத்தோம், பத்திரிகைக்குக் கொடுத்தோம், அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கருப்புக்கோட்டு அண்ணன் கேட்டதற்கு: கேமரா பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. ஆணையத்தில் மனு எண் வாங்கவில்லை. ஜி.எச்.சில் நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறான், சீட்டு இருக்கிறது. அது மட்டும்தான் சரியாக நடந்திருக்கிறது. சனிக்கிழமை எஸ்.பி.க்குக் கடிதம் அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை நானும் செயலாளரும் பிரதியோடு அந்த வீட்டுக்குப் போகிறோம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஒரு நிறுவனம் எங்களுக்கு நிதி தர முன்வந்திருக்கிறது. முழுநேரமாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம், வாடகைக்கு இடம் பிடிக்கலாம். கூட்டத்தில் மூன்று பேர் வேண்டும் என்கிறார்கள், மூன்று பேர் கூடாது என்கிறார்கள். நான் ஏழாவது ஆள்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

வாங்காதீர்கள். பி.யூ.சி.எல். உள்நாட்டு நிதியோ வெளிநாட்டு நிதியோ எந்த நிதி நிறுவனத்திடமும் காசு வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலிருந்தே வைத்திருக்கிறது. பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சம்பளம் இல்லை. கஷ்டம்தான். ஆனால் வாசலில் வந்து "எவன் காசுல வந்தே?" என்று கேட்டால் சட்டைப்பையைத் தட்டிக் காட்ட முடிகிறது. வேலைக்குப் போகும் ஆசிரியர், குமாஸ்தா, வக்கீல் இவர்களை மிரட்டுவதும் கடினம், ஒரு கையெழுத்தில் கணக்கை முடக்கி மூட வைப்பதும் கடினம்.

கைக்காசில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2001-ல் ராஜஸ்தானில் பஞ்சம். ஜெய்ப்பூர் பக்கத்துக் கிடங்குகளில் தானியம் வழிந்து வெளியே கிடந்தது, கிராமங்களில் சனம் பட்டினி கிடந்தது. அங்கிருந்த பி.யூ.சி.எல். உறுப்பினர்கள் அதைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த நவம்பர் 28 அன்று நாட்டின் எல்லா அரசு ஆரம்பப் பள்ளியிலும் சமைத்த மதிய உணவு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. காமராஜர் காலத்திலிருந்து சோறு போட்டுப் பழகிய நமக்கு அது பெரிதாகத் தெரியாது. வடக்கே எத்தனையோ பிள்ளைகளுக்குப் பள்ளியில் முதல் கவளம் அந்த உத்தரவுக்குப் பிறகுதான் கிடைத்தது.

---

கருப்புக்கோட்டு எழுதியது:

ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு, இதில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. கைக்காசு என்றால் கையில் காசு இருப்பவன்தான் வர முடியும். செங்கல் சூளைக்குப் போகிற பையன் உங்கள் குழுவில் எப்படி உறுப்பினராவான்? ஒருநாள் வந்தால் ஒருநாள் கூலி போச்சு. மேட்டுத்தெரு பார்த்த அந்த வேனில் அந்தத் தெரு ஆள் ஒருவர்கூட ஏன் இல்லை என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வழக்கு நடத்துவது தேர்த் திருவிழா இல்லை, தினசரி வேலை. வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் ஊராரை அடித்துப் பெண்களை வன்புணர்ந்ததற்கு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேருக்கும் 2011-ல் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 31 வருடம். அதை இழுத்துக்கொண்டு போனது பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். அமைப்பு பலம் இருந்ததால் முடிந்தது. சாட்சி சொன்ன பெண்கள் கலைந்துபோகாமல் இருக்க யாராவது அத்தனை வருடமும் அந்த ஊருக்குப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் அதைச் செய்ய முடியுமா?

---

பாலாற்றங்கரை எழுதியது:

நீங்கள் சொன்ன கூலிக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாச்சாத்தியிலேயே பாருங்கள், நிதி நிறுவனம் எங்கே வந்தது? திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணியும் மற்றவர்களும் 1996-ல் இருளர் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். யார் மேல் வேண்டுமானாலும் திருட்டு வழக்குப் போடலாம் என்று இருந்த சனம் அங்கே சங்கமாக நிற்கிறது. உறுப்பினர் அவர்கள்தான். பாதிக்கப்படுகிறவர்களே உறுப்பினர் ஆகும் வழி அது. நெய்தல்நிலா, அந்தச் சூளைப் பையனிடம் சந்தாச் சீட்டு நீட்டினீர்களா? பத்து ரூபாயானாலும் வாங்குங்கள். அவன் வருகிற நாளுக்குக் கூலியை நாம் பத்துப் பேர் பகிர்ந்து கொடுப்போம். முதல் பங்கு என்னுடையது.

---

சுடுமண் எழுதியது:

எல்லாம் படித்தேன். மாவுக்கட்டுப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை இன்றும் தவறு என்று என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூசிநதி எழுதியதற்குப் பிறகு அத்தையிடம் ஒன்று கேட்டேன். படத்தில் இருந்தவன்தானா செயினை அறுத்தவன் என்று. "ஹெல்மெட் போட்டிருந்தானேப்பா, நான் எங்கே பார்த்தேன்" என்றார். அடையாள அணிவகுப்புக்கு அவரை யாரும் கூப்பிடவே இல்லையாம். ஏழு பவுனில் ஒரு குண்டுமணிகூடத் திரும்பி வரவில்லை. வழக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடம் கேட்க வேண்டும்?

---

கருப்புக்கோட்டு எழுதியது:

எப்.ஐ.ஆர். எண்ணும் ஸ்டேஷன் பெயரும் தனிச்செய்தியில் அனுப்புங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறதா என்று நாளைக்கே பார்த்துச் சொல்கிறேன். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று புகார்தாரருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் வழக்கு அதற்கு முந்தியதா பிந்தியதா என்றும் பார்க்க வேண்டும்.

---

நெய்தல்நிலா எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து 14 பக்கத்தையும் நான் வாசித்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். முதல் பக்கத்தில் தன் பெயர் வந்த இடத்தில் என்னை நிறுத்தி, "இன்னொரு தடவ சொல்லு" என்றார். பெயர் சரியாக இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் "இரவு சுமார் 9 மணியளவில்" என்று படித்தேன். உடனே கையைக் காட்டி நிறுத்தினார். "ஒம்பது இல்ல கண்ணு. கடைசி பஸ்சு போயிருச்சு அப்ப. பத்தே முக்காலு. பஸ்சு இருந்திருந்தா நான் பின்னாலயே ஏறிப் போயிருக்க மாட்டேனா?" ஒன்பது மணி என்று எங்களிடம் சொன்னவர் பக்கத்துத் தெருக்காரர். அம்மாவிடம் நாங்கள் நேரத்தைக் கேட்கவே இல்லை. பையனைப் பற்றி அழுதுகொண்டிருந்ததால் மெல்ல எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டோம்.

பிறகு அவரே சொன்னார். விடிவதற்கு முன் நடக்க ஆரம்பித்து, ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் பகல் முழுக்க. கடைக்காரர் இரண்டு தடவை டீ கொடுத்து, காசு வேண்டாம் என்றிருக்கிறார். உள்ளே சத்தம் கேட்டது என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் அறிக்கையில் அந்த டீக்கடை இல்லை.

சனிக்கிழமை அனுப்பிய கடிதத்தில் 9 மணியிலிருந்து என்று போட்டிருந்தோம். திங்கள்கிழமை திருத்திய நேரத்தோடு இரண்டாவது கடிதமும் போய்விட்டது. எதிர்ப்பக்கத்து டீக்கடையை நோக்கி இருக்கும் வாசல் கேமராப் பதிவும் வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம். ஆணையத்தில் மனு எண் கிடைத்துவிட்டது. அறிக்கைக்குத் திருத்தப் பக்கம் ஒன்று எழுதி, யார் சொல்லித் திருத்தினோம் என்பதையும் அதில் குறித்திருக்கிறேன்.

பையன் சந்தாச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். பத்து ரூபாய். நிதி விஷயத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம், அவனும் கூட்டத்தில் இருக்கும்போது பேசலாம் என்று.

வருகிற ஞாயிறு டீக்கடைக்காரரைப் பார்க்கப் போகிறோம். அவர் பேசுவாரா, பயப்படுவாரா தெரியாது. வேனெல்லாம் இல்லை, இரண்டு பேர் மட்டும் போய் டீ குடித்துவிட்டுப் பேசிப் பார்க்கிறோம். பாலாற்றங்கரை ஐயா, நீங்களும் வருவதாகத் தனிச்செய்தியில் சொன்னீர்கள். பஸ் காலை 6.10-க்கு. பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து.